சுபாங் லவுஞ்சில் அப்பா எழுந்திருக்கவில்லை

கிரெடிட் கார்டைக் காட்டி விமான நிலைய லவுஞ்சுக்குள் போவது எப்படி என்று நான் எழுதிய பதிவுக்குக் கீழே ஒருவர், "அக்கா, நீங்க முதல் தடவை உள்ள போனப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருந்தார். அக்கறையாகக் கேட்டாரா, நக்கலா, தெரியவில்லை. எதுவானாலும் பதில் இருக்கிறது. 1984 ஆகஸ்டு, கோலாலம்பூர் சுபாங் விமான நிலையம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக விமானம் ஏறினேன். அன்றைக்குத்தான் லவுஞ்ச் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. ஏறியதும் முதல் வகுப்பில். இதெல்லாம் ஒரே நாளில் நடந்தது, காசும் கட்டவில்லை. கூட வந்தவர் என் அப்பா.

நாங்கள் கேமரன் மலைக்காரர்கள், தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், இன்னும் இருக்கிறது. அப்பா மாரிமுத்து அங்கே கங்காணி. விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசித்து மலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்போம். பெரட்டில் நிற்பதும், பிறகு கொழுந்து எடுக்கிற பெண்களோடு மலையில் நின்று இலையைச் சரி பார்ப்பதும் அவர் வேலை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கம்போங் ராஜாவில் ஒரு சீனரின் காய்கறி லோரி கம்பெனியில் கிளார்க்.

போன காரணத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் போயே போய்விட்டது. வலது கண்ணில் ஆள் நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. இது வீட்டில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். கண் தெரியாத கங்காணியைத் தோட்டம் வைத்துக்கொள்ளாது. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்தினுடையது. அம்மா இடுப்பு வலியால் கொழுந்து எடுப்பதை விட்டுப் பல வருடம். தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். ஆக, அப்பாவின் கண்ணை நம்பித்தான் எங்கள் கூரை நின்றது. அந்தக் கண்ணோ இந்த லட்சணத்தில்.

இங்கேயே வைத்தியம் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தோட்டத்து கிளினிக்கில் காட்டினால் மத்தியானத்துக்குள் ஆபீசில் தெரியும். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் லயத்து வரிசை வீட்டுக்காரராக இருப்பார். கோலாலம்பூர் போகலாம் என்றேன். "ஆஸ்பத்திரிக் கடுதாசி தோட்டத்து அட்ரசுக்குத்தானே வரும்? ஆபீசு கிராணி பிரிச்சுப் படிப்பான்லா," என்று முடித்துவிட்டார். மெட்ராசுக்குத் திரும்பிப் போய்விட்ட சித்தப்பா ஒருவர் அங்கே நல்ல கண் டாக்டரைப் பார்த்து வைத்திருந்தார். மச்சான் மகள் கல்யாணம் என்று பொய் சொல்லி அப்பா ஆறு வாரம் லீவு வாங்கினார். டிக்கெட் இரண்டும் என் சேமிப்பில்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரர் இல்லை. மலையாளத்துக் குடும்பம், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஆனால் பங்களாவில் இருப்பவர் யாரானாலும் அவர் துரைதான், சட்டமும் பழைய சட்டம்தான். துரை நிற்கும்போது தோட்டத்து ஆள் உட்கார மாட்டான். துரை உட்கார்ந்திருந்தாலும் உட்கார மாட்டான். அப்பா இதில் ரொம்பக் கறார். மலையில் துரையின் லேண்ட்ரோவர் சத்தம் கேட்டதுமே எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துவிடுவார். அந்தச் சத்தம்தான் மூன்று வருடமாக அவரைக் காப்பாற்றியது. வண்டி எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து வணக்கம் வைத்தால் போதும், கண் தெரியாத விஷயம் வெளியே வராது.

தானா ராத்தாவில் காலை ஆறு மணிக்கு டாக்சி. தாப்பா வரைக்கும் சுமார் அறுபது கிலோமீட்டர், முழுக்க வளைவு. பங்கு டாக்சியில் ஆளுக்கு ஐந்து வெள்ளி, ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஓட்டியவர் காதர் பாய், ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர், அதனால் எல்லாருடைய விஷயமும் அவருக்குத் தெரியும்.

"என்ன கங்காணி, பொட்டியெல்லாம் பலமா இருக்கு?"

"மெட்ராசுல மச்சான் மவளுக்குக் கல்யாணம் பாய்."

"மாப்ள என்ன பண்றாரு?"

"பேங்கு. அம்பது பவுன் கேட்டானுங்க. முப்பதுக்குப் பேசி முடிச்சிருக்கு."

இல்லாத பெண்ணுக்கு இல்லாத மாப்பிள்ளை, அதில் பேரம் வேறு. ரிங்லெட் தாண்டுவதற்குள் சமையல்காரனைக்கூட ஏற்பாடு பண்ணிவிட்டார். எனக்கு வளைவில் வந்த குமட்டல் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். தாப்பாவில் இறங்கி, தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் ரொட்டி சாப்பிட்டு, ஆறு வெள்ளிக்குக் கோலாலம்பூர் பஸ் பிடித்தோம். புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு டாக்சி. சுபாங் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் டிக்கெட்டைப் பார்த்தார், உள்ளே போய் யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார். பின்னால் இடம் நிரம்பிவிட்டது, முன்னால் போகிறீர்களா என்று கேட்டார். வரிசையில் முன்னால் போகச் சொல்கிறார் என்று நினைத்து நான் இரண்டு அடி நகர்ந்து நின்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வகுப்பு என்றார். கூடக் காசு கட்ட வேண்டுமா என்று கேட்டேன். "தக் பாயா பாயார், கக்," என்றார். கட்ட வேண்டாமாம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம், அதுவரை மேலே லவுஞ்சில் இருங்கள் என்று ஒரு அட்டையையும் கொடுத்தார்.

லவுஞ்ச் வாசலில் கம்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் அப்பாவின் கால் நின்றுவிட்டது. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பங்களா என்று நினைத்துவிட்டார். "அப்பா, மாட்டுங்க, எல்லாரும் சப்பாத்தோடதான் நடக்குறாங்க," என்றேன். "அழுக்காயிடும்லா," என்றார். உள்ளே நல்ல குளிர். பெரிய பெரிய சோபா. யாரும் உரக்கப் பேசவில்லை. முக்கோணமாக வெட்டிய சாண்ட்விச், ஓரமெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு நடுவை மட்டும் வைத்திருந்தார்கள். எறிந்த ஓரத்தை நினைத்து எனக்கு மனசு ஆறவில்லை. ஆரஞ்சுச் சாறு, கேக், மிக்சர் மாதிரி ஒரு கடலை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம், ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். இலவசம்தான் என்று அங்கே இருந்த பெண் இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

கழிவறைக்குப் போய் வந்தேன். கை துடைக்கச் சின்னச் சின்னத் துண்டுகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். ஒருவர் துடைத்தால் கூடையில் போட்டுவிட வேண்டும், அடுத்தவருக்கு வேறு துண்டு. பணக்காரராக இருப்பது இதுதான் போல என்று நினைத்தேன். இப்போது எத்தனையோ லவுஞ்ச் பார்த்தாகிவிட்டது, அந்தத் துண்டு அளவுக்கு எதுவும் என்னை அசத்தவில்லை. வெட்கம் என்ன, சந்தோஷத்தில் உள்ளேயே நின்று தனியாகச் சிரித்தேன்.

அப்பாவுக்கு டீ கொண்டு வந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் கப்பைத் தள்ளிப் பிடித்தார்.

"ஆத்தா, உள்ள வாலோட என்னமோ கெடக்கு. எலியா?"

நூல் கட்டிய டீப் பை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தூளைக் கொட்டி வடிகட்டிக் குடித்துத்தான் பழக்கம். சொன்னதும் நூலைப் பிடித்துத் தூக்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். "தூளைத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கானுங்க. எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்னு பயம்," என்றார். பிறகு சோபாவில் நன்றாகச் சாய்ந்து, ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டார். அவரை அப்படி நான் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

அப்போதுதான் துரை உள்ளே வந்தார்.

முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தோட்டத்தில் அரைக்கால்சட்டை, முட்டி வரை காலுறை, தொப்பி. இங்கே வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, ஒரு கையில் மடித்த பத்திரிகை. அவரும் மெட்ராஸ் விமானத்துக்குத்தான் வந்திருக்கிறார். இடம் தேடிப் பார்த்தவர் அப்பாவைப் பார்த்தார். நின்றார். நேராக எங்களை நோக்கி நடந்து வந்தார். கம்பளத்தில் காலடிச் சத்தம் இல்லை. லேண்ட்ரோவரும் இல்லை. அப்பா காலை ஆட்டிக்கொண்டு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதில் சொல்லலாம் என்றால், சொன்னதும் துள்ளி எழுந்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த தூணுக்கு வணக்கம் வைப்பார். அதோடு எல்லாம் முடிந்தது.

துரை அப்பாவுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் வந்து நின்றார். கங்காணி எழுந்திருக்கவில்லை. துரை பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாவின் வலது கண்ணுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்திருக்க வேண்டும். அங்கே தட்டு எடுக்கிற பையன்களும் வெள்ளைச் சட்டைதான். அப்பா காலி கப்பைத் தூக்கி நீட்டினார்.

"டிக், இனி சூடா. தே சத்து லாகி, போலே?"

தம்பி, இது ஆச்சு, இன்னொரு டீ கிடைக்குமா என்று அர்த்தம்.

நான் செத்தேன் என்று நினைத்தேன். துரை அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கப்பை வாங்கிக்கொண்டார். கவுண்டர் வரைக்கும் நடந்து போய் அதை வைத்துவிட்டு, அங்கிருந்த பெண்ணிடம் ஏதோ சொன்னார். பிறகு தூரத்தில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தார். இரண்டு நிமிடத்தில் டீ வந்தது. "நல்ல பசங்கலா இங்க," என்றார் அப்பா.

அதற்கப்புறம் நடந்த முதல் வகுப்புப் பயணத்தை எழுதுவதற்கு எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்ததை எழுதுகிறேன். சூடான ஈரத்துண்டு கொடுத்தார்கள். கண்ணாடிக் கோப்பையில் ஷாம்பெயின் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். வெள்ளைத் துணி விரித்து உண்மையான கத்தி முள்கரண்டியோடு சாப்பாடு. நாற்காலியின் பிடியில் ஒரு பொத்தான், அழுத்தினால் முதுகு சாயும். அப்பா அதை அழுத்துவதும் நிமிர்த்துவதுமாக ரொம்ப நேரம் இருந்தார். ஆட்டுக்கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். "நம்ம கட்டிலவிட மெத்துன்னு இருக்கு," என்றார். என் தட்டு அப்படியே திரும்பிப் போனது. முதல் வரிசையில் துரையின் பின்மண்டை தெரிந்தது, நான் பார்த்தது அதை மட்டும்தான். அம்மா சட்டி பானையோடு ரோட்டில் நிற்பதாகத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

அப்பா தூங்கியதும் துரை எழுந்து வந்தார். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். கிளார்க் வேலை, சொந்தச் சம்பளம், இருந்தும் எழுந்தேன். உடம்பில் ஊறிப்போன விஷயம்.

"மாரிமுத்துக்குக் கண்ணு தெரியல," என்றார்.

கேள்வியாகக் கேட்டிருந்தால் மறைத்திருப்பேன். "ஆமாங்க தொரை. புரை. மெட்ராசுல ஆபரேசன்," என்றேன்.

"கல்யாணம்னான்?"

"கல்யாணம் இல்லீங்க."

"எத்தனை நாளா?"

"மூணு வருசமா."

"மூணு வருசமா என் கொழுந்தை எவன் பார்த்தான்?"

"அப்பாதாங்க பார்த்தாரு. கையால தடவிப் பார்ப்பாரு. ஒரு நாளாச்சும் ஃபேக்டரியில இருந்து கம்ப்ளெயின் வந்துச்சா, சொல்லுங்க." குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது. பக்கத்து வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

துரை குரலைத் தாழ்த்தினார். "லீவு முடிஞ்ச மறுநாள் பெரட்டுக்கு வரட்டும். எல்லாருக்கும் முன்னாடி ஒரு இலையக் காட்டிக் கேப்பேன். தூர நின்னு சொல்லணும், தொடக் கூடாது. சொன்னான்னா நான் இங்க எதையும் பார்க்கல. சொல்லலைன்னா வீட்டு ரூல் உனக்கே தெரியும்," என்றார். தன் இடத்துக்குப் போய்விட்டார். மெட்ராசில் இறங்கியதும் கூட்டத்தில் மறைந்தார். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் போகிற மனிதரிடம் சொல்லி ரத்தக் கொதிப்பை ஏற்றி என்ன ஆகப் போகிறது?

வலது கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஆபரேஷன் முடிந்து பல நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பிறகு சோடா பாட்டில் அடிப்பாகம் போல ஒரு கண்ணாடி. கட்டைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டியதும் அப்பா என்னைத்தான் முதலில் பார்த்தார். "என்னடி இது, இவ்ளோ எளைச்சுப் போயிட்ட?" என்றார். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

திரும்பும் விமானத்தில் கடைசி வரிசையில் இடம், கழிவறைக்குப் பக்கத்தில். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

லீவு முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. பெரட்டுக் களத்தின் ஓரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. அப்பா புதுக் கண்ணாடியோடு வந்ததைப் பார்த்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள். "கங்காணி காலேஜுக்குப் போறாரு டோய்," என்றாள் ஒருத்தி. லேண்ட்ரோவர் வந்து நின்றது. துரை இறங்கி வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒரு கொழுந்தைத் தூக்கிப் பிடித்தார்.

"மாரிமுத்து, இதை அனுப்பலாமா?"

அப்பாவுக்கு இது சோதனை என்று தெரியாது. கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டார். பனி நடுவில் இருந்தது.

"மூணு இலை இருக்குங்க தொரை. அடி இலை முத்தல். கிள்ளிட்டு அனுப்பணும்."

துரை இலையைக் கீழே போட்டார். "கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்றார்.

"அமோகமா நடந்துச்சுங்க தொரை."

வண்டி போய்விட்டது. வீடு தங்கிவிட்டது. அப்பா அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் கங்காணியாக இருந்துதான் ஓய்வு பெற்றார்.

இனி, வயதானவர்களை முதல் தடவை விமானத்தில் கூட்டிப் போகிறவர்களுக்கு. கேமரனிலிருந்து இறங்கும்போது வயிற்றை அரைகுறையாக வைத்துக்கொள்ளுங்கள், தாப்பா ரோட்டின் வளைவுகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஈப்போ பக்கம் போகிறவர்களுக்குக் கம்போங் ராஜா வழியே சிம்பாங் பூலாய் ரோடு மேல். பெரிய விமானங்கள் இப்போது சுபாங்கில் இல்லை, செப்பாங் போக வேண்டும், கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பார்வை குறைந்தவர் என்றால் கவுண்டரில் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். டீப் பையை எடுத்துவிட்டுக் கப்பைக் கையில் கொடுங்கள். லவுஞ்சில் அவர்கள் விளிம்பில் உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் தானாகச் சாய்வார்கள்.

பின்னூட்டத்தில் கேட்டவருக்கு ஒன்று பாக்கி. பெரட்டு முடிந்த அன்று சாயங்காலம்தான் அப்பாவிடம் சொன்னேன். சுபாங்கில் கப்பை வாங்கியது பையன் இல்லை, துரை என்று. திட்டுவார், இல்லை பயந்துபோவார் என்று நினைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாங்கினாரா?"

"வாங்கினாருப்பா."

"நான் உக்காந்துட்டு இருந்தேனா?"

"காலை மேல போட்டுக்கிட்டு."

"எந்தக் கையால வாங்கினாரு?"

துரையின் இடது கையில் பத்திரிகை இருந்தது. கப்பை ஒற்றைக் கையால்தான் வாங்கினார், நான் பார்த்தேன். "ரெண்டு கையாலயும் வாங்கினாருப்பா," என்றேன்.

அப்பா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.